புது மோஸ்தரும் பழைய கைகளும்

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் புது வீடு கட்டுவோரிடையே இப்பொழுது ஒரு புதிய மோஸ்தர் பரவி வருகிறது. சில வருஷங்களுக்கு முன்வரை வழவழப்பான வெள்ளைப் பளிங்கும், பீங்கான் தளமும், பிளாஸ்டிக் பூசிய அலமாரியுமே நாகரிகத்தின் அடையாளம் என்று கருதப்பட்டன. இன்று அதே மனிதர்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தையும், பிரம்பு நாற்காலியையும், சுண்ணாம்புப் பூச்சுச் சுவரையும், கோரைப் பாயையும் விரும்பிக் கேட்கிறார்கள். பூமி வெப்பமடைந்து வருகிறது, ஆகையால் சுற்றுப்புறத்துக்குக் கேடு விளைக்காத பொருள்களால் வீட்டை அலங்கரிக்க வேண்டும் என்ற காரணமும் சொல்லப்படுகிறது. இந்த மனமாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், மோஸ்தர் வந்த வழியே போய்விடும் இயல்புடையது. அது போவதற்குள் அந்தக் கல்லைச் செய்கிறவனுக்கு என்ன மிஞ்சும் என்பதே நம் கேள்வி.

ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூர். அங்கே கல் செய்யும் முறையை ஒரு தடவை நேரில் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வேலைப்பாடுள்ள தகட்டு அச்சைப் பொருத்துகிறார்கள். சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு அறையிலும் கையாலேயே அளந்து ஊற்றிவிட்டு, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அச்சை மேலே தூக்குகிறார்கள். அந்த ஒரு கணத்தில் கை நடுங்கினால் பூ கெட்டுப்போகும். பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை இழுக்கச் செய்து, மேலே காரையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். காய்ந்தபின் நீரில் சில நாட்கள் ஊறவைக்கிறார்கள். கண்ணாடி விலகும்போது கல்லின் முகம் பளபளக்கிறது. இதற்குச் சூளையும் தேவையில்லை, மெருகிடும் யந்திரமும் தேவையில்லை. மனிதர் நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். கோடையிலும் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

இதற்கு நேர்மாறாகப் பீங்கான் தளக்கல்லை ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டாக வேண்டும். இத்தொழிலின் தலைநகரம் என்று சொல்லத்தக்க குஜராத்தின் மோர்பியில் நிலக்கரி வாயு உலைகளால் காற்றும் நீரும் கெட்டதை முன்னிட்டு, அவற்றை மூடும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட நேர்ந்தது. இதனால் ஆத்தங்குடிக் கல் முழுக்க முழுக்கக் குற்றமற்றது என்று நாம் சாதிக்க வரவில்லை. அதிலும் சிமெண்டு இருக்கிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலால் வருவது. ‘இயற்கை’ என்று சீட்டு ஒட்டி எதையும் விற்றுவிடலாம் என்று எண்ணும் வியாபாரிகளுக்கு இதை ஞாபகப்படுத்துவது நலம். ஒரு பொருள் எத்தனை தூரம் பிரயாணம் செய்து வந்தது, எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்பதே சரியான பரீக்ஷை. தாத்தா பதித்த தளத்தில் பேரன் நடக்கும் வீடுகள் செட்டிநாட்டில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கணக்கில் ஆத்தங்குடிக் கல் தேறும்.

பழைய கைத்திறமும் புதிய பாணியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. புதுச்சேரி அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, ஆண்டனின் ரேமண்ட் என்ற சிற்பியின் திட்டப்படி 1930-களில் கட்டத் தொடங்கப்பெற்றது. இரும்புக் கம்பி வைத்த காங்கிரீட்டால் இந்தியாவில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களுள் ஒன்று அது. ஆனால் உள்ளே சுவர்களுக்குக் கிளிஞ்சல் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, தரைக்குக் கடப்பைக் கல், கதவுகளுக்குத் தேக்கு. விசிறியின் உதவியின்றியே காற்று உலாவுகிறது. கேரளத்தை வீடாக்கிக்கொண்ட லாரி பேக்கர், கட்டடத்துக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்கவேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் கூறியதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வண்ணமே கட்டியும் காட்டினார். அவர் 2007-இல் காலமானார். அவருடைய செங்கற் கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அநேகர். அவர் எத்தனை சிக்கனமாகக் கட்டினார் என்பதை நினைக்கிறவர்கள் சிலரே.

இனிக் கசப்பான பகுதிக்கு வருவோம். ஆத்தங்குடியின் பூக்களைப் பீங்கான் ஓட்டில் அச்சிட்டு, அந்த ஊரின் பெயரையும் சேர்த்தே விற்கிறார்கள். சட்டம் என்ன செய்யும்? சட்டம் படித்தவர்களாகிய நாம் உள்ளதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2000-ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்துக்கே பாதுகாப்பு அளிக்கும். தலைமுறைகளாக வழங்கும் பூவுக்கு அங்கே இடமில்லை. 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டமோ பெயரைக் காக்கும், உருவத்தைக் காக்காது. பெயரைக் காப்பதற்கும் வழக்காட வேண்டும். அவ்வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட எந்த நீதிமன்றத்திலும் தொடுக்க இயலாது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய் இந்தக் குறியீட்டைப் பெற்றது. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை நாராகக் கீறி, நீரில் ஊறவைத்து, பட்டுப்போல் மடியும்படி வாரக்கணக்காக நெய்கிற பெண், வியாழக்கிழமை வாய்தாவுக்கு வக்கீல் வைத்துக்கொண்டு நிற்பாளா? பதிவுப் பத்திரம் சுவரில் தொங்குகிறது. நைலான் பாய் சந்தையில் விற்கிறது.

இதைவிட வேதனை தருவது காரைக்குடிக் கடைத்தெருவில் காணும் காட்சி. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும், செதுக்கிய நிலைக்கதவுகளும், வெண்கலப் பாத்திரங்களும் அங்கே விலைபோகின்றன. வாங்குகிறவர் அவற்றை நகரத்துப் பங்களாவின் வரவேற்பறையில் நிறுத்திவைத்து, மரபைக் காப்பாற்றிவிட்டதாக மகிழ்கிறார். ஒரு வீட்டின் தூணைப் பிடுங்கி மற்றொரு வீட்டுக்கு அலங்காரம் செய்வது மரபைக் காப்பதாகுமா? செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறி நெடுநாள் ஏட்டிலேயே கிடந்தது. அதற்கிடையில் வீடுகள் காத்திருக்கவில்லை. சொந்தக்காரர்களை மட்டும் குறை கூறுவதும் நியாயமல்ல. பங்காளிகள் பலருக்குப் பாத்தியப்பட்ட பெரிய வீட்டை, மழைக்கு ஒழுகாமல் வைத்துக்கொள்வதே இன்று பெருஞ்செலவு.

சர்க்கார் மனம் வைத்தால் காரியம் நடக்கும் என்பதற்குக் கீழடி அருங்காட்சியகம் சாட்சி. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அக்கட்டடம் செட்டிநாட்டுப் பாணியிலேயே எழுந்திருக்கிறது. அது ஒன்றோடு நின்றுவிடக் கூடாது. ஜில்லாதோறும் எழும் நூலகங்களுக்கும், பள்ளிக்கூடங்களுக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும் தளம் போட ஆத்தங்குடியிலிருந்து நேரே கல் வாங்கட்டும். விருந்தினர் விடுதிகளுக்குப் பத்தமடையிலிருந்து பாய் வாங்கட்டும். வருஷம் முழுவதும் வேலை உண்டு என்று தெரிந்தால்தான் ஒரு தகப்பன் தன் மகனை அச்சுத் தூக்கக் கற்கச் சொல்வான். இப்பொழுதோ அந்த மகன் கூலி அதிகம் கிடைக்கும் வேறு வேலை தேடித் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறான். அவனைத் தடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வீடு கட்டும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுவில் நிற்கும் அலங்கார நிபுணர் கேட்கும் தொகையில் பேரம் பேசாதவர்கள், கல் செய்கிறவனிடம் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடுகிறார்கள். ஆத்தங்குடி அதிக தூரத்தில் இல்லை. காரைக்குடிக்கு ரயில் போகிறது. ஒரு நாள் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து, அந்த அச்சு தூக்கப்படும் கணத்தைப் பார்த்துவிட்டு, பிறகு விலை பேசட்டும்.