தூத்துக்குடிக்கு எப்போ டூர் போகலாம்? லீவை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீங்க!

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் டிக்கெட் போடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். தூத்துக்குடிக்கு அந்தக் கணக்கு சரிவராது. பள்ளிக்கூட காலண்டர் ஒரு பக்கம் போனால், இந்த ஊரின் கடல் காலண்டர் இன்னொரு பக்கம் போகும்.

ஏப்ரல், மே: யோசிச்சுக்கோங்க

வெயிலோடு கடலோரப் புழுக்கமும் சேர்வதால் வியர்வை காயவே காயாது. உடம்பின் சூட்டைத் தணிப்பதே வியர்வை உலர்வதுதான். அது நடக்காதபோது பெரியவர்களும் குழந்தைகளும் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகு மீன் கிடைக்கும். விலை கூடுதலாக இருக்கும்.

ஆனால் நாம் ஓடி ஒளியும் இதே வெயில்தான் உப்பளத் தொழிலாளர்களின் சோறு. மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலை இருக்காது. அதற்காகவே தமிழக அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது.

ஜூலை, ஆகஸ்ட்: திருவிழா பிரியர்களுக்கு

பனிமய மாதா பேராலயத்தில் ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்ட் 5-ல் பெருவிழா நிறைவடையும். ஊரே வெளிச்சமாக இருக்கும். அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். காற்று பலமாக வீசும் காலம் என்பதால் கடலில் இறங்கும்போது கவனம்.

அக்டோபர் முதல் டிசம்பர்: வானிலை பார்த்து

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே அவ்வளவாக எட்டாது. இந்த ஊருக்கு மழை என்றாலே வடகிழக்குப் பருவமழைதான். 2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்திலிருக்கும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டில் பெய்யும் மழையைவிட அதிகம்! திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்க, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். அரையாண்டு லீவில் போவதானால், கிளம்பும் முன் வானிலை அறிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி: இதுதான் பெஸ்ட்!

தை பிறந்தால் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பகல் வெயில் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். காலையில் முயல் தீவு, பிறகு வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி கோட்டை என்று அலுப்பில்லாமல் சுற்றலாம். ராத்திரிக்கு 'நைட் கிளப்' போகலாம். பயப்படாதீங்க, புரோட்டா கடைக்குத்தான் இங்கே அந்தப் பேர்! பொங்கல் லீவோடு ஒரு நாள் சேர்த்தாலே போதும். காணும் பொங்கலன்று மட்டும் முயல் தீவில் கூட்டம் நெரியும்.

முத்துக் குளித்தவர்களின் கணக்கு

நாள் பார்த்துக் கடலுக்குப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே, கடல் அடங்கிக் கிடக்கும் மார்ச், ஏப்ரலை ஒட்டித்தான் முத்துக் குளிப்பு நடக்கும். 1961-க்குப் பிறகு இங்கே அது நடக்கவில்லை. ஆனாலும் கடலைக் கேட்டுவிட்டுக் கிளம்பும் அந்தப் பழக்கம் நமக்கும் உதவும்.

டிப்ஸ்: திரும்பும்போது முந்திரி மக்ரூன் வாங்காமல் வராதீர்கள். ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும். காற்றுப் புகாத டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்!