பெயரை வாசித்தால் போதுமா?

எண்பதுகளின் அக்கரைப்பற்றில் இருவகை வானொலிப் பிரியர்கள் இருந்தனர். நேயர் மன்றத்தினர் ஒரு வகை. "நிகழ்ச்சி தேனாக இனித்தது" என்று அஞ்சலட்டை எழுதிவிட்டு, அறிவிப்பாளர் தம் பெயரை வாசிப்பதற்காகக் காத்திருப்பர். நானும் அவர்களில் ஒருவன்.

மற்றவர் மிகச் சிலர். சிற்றலையில் தூரத்து நிலையங்களைத் தேடிப்பிடித்து, ஒலியின் வலு, இடையூறு, இரைச்சல் முதலான ஐந்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிட்டு அறிக்கை அனுப்புவர். 'சின்போ' என்பது அம்முறையின் பெயர். "தெளிவாகக் கேட்கவில்லை" என்று எழுதிய அவர்களாலேயே நிலையத்தாருக்குப் பயன் விளைந்தது. எங்கள் தேனால் விளைந்தது என்ன?

பொழுதுபோக்கில் இத்தனை கண்டிப்பு எதற்கு என்பீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று அந்தமானின் போர்ட் பிளேயரில் தொடர்புகள் அறுந்தபோது, பொழுதுபோக்காக அங்கு ஒலிபரப்பச் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினரே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினர். முதலில் கேள், அழைப்புக்குறியைச் சொல், சுருக்கமாகப் பேசு என்பதே அமெச்சூர் வானொலியாரின் பழக்கம். அப்பழக்கம் அன்று உயிர்காத்தது.

அதே காலையில் எங்கள் கரையையும் கடல் விழுங்கியது. மன்றத்து நண்பர்களாகிய எம்மிடம் இருந்தவை கேட்கும் பெட்டிகள் மட்டுமே.

இன்றும் நம்மவர் கூடும் இடமெல்லாம் "அருமை, அருமை" என்ற குரலே கேட்கிறது. பிழையைச் சொல்பவனைப் பகைவன் என்கிறோம். பாராட்டு மட்டுமே உள்ள இடத்தில் எவரும் எதையும் கற்பதில்லை.