அரிய நோயா, அறியாத நோயா?

ஒரு நோய் ‘அரியது’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிச் சொன்னால் கணக்குத் தவறிவிடும் என்பது என் கருத்து. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையின் வரலாறே இதற்குச் சான்று.

பனாமாவில் பணிபுரிந்த டாக்டர் சாமுவேல் டார்லிங், இறந்தவர்களின் உடலில் இக்கிருமியைக் கண்டு 1906-இல் அறிவித்தார். அது பூஞ்சை என்பது பின்னரே தெரிந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள், இது அபூர்வமானது, வந்தால் உயிர் பிழைப்பது அரிது என்றே மருத்துவர்கள் நம்பினர். அவர்கள் கண்டது கடும் நோயாளிகளையும் பிணங்களையும்தானே!

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு புதிர் எழுந்தது. ஓடியாடி விளையாடும் குழந்தைகள் பலரின் எக்ஸ்ரே படங்களில், நுரையீரலில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தன. காசநோய் ஆறிய வடு என்று எண்ணினர். ஆனால் காசநோய்க்கான தோல் சோதனையில் பலருக்கு அதன் அறிகுறியே இல்லை. 1945-இல் கிறிஸ்டி, பீட்டர்சன் என்னும் மருத்துவர்கள் இப்பூஞ்சையின் சாற்றைக் கொண்டு தோல் சோதனை செய்து விடை கண்டனர். பூஞ்சை எப்போதோ நுரையீரலில் புகுந்து, தானே அடங்கிப் போயிருந்தது! ஓஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் 100-க்கு 60 முதல் 90 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதைச் சுவாசித்திருப்பர் என்பது மதிப்பீடு.

பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் இப்பூஞ்சை வளர்கிறது. இதன் நுண்வித்துக்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 2 முதல் 5 பங்கே. இத்துணைச் சிறிய துகள் விரைவில் கீழே படியாது. காற்றில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் காற்றறைவரை செல்லும்.

அளவு மிஞ்சினால் நலமுள்ளவரும் நோயுறுவர். 1970 ஏப்ரல் 22, முதல் புவி நாள். ஓஹையோ மாநிலத்து டெலவேர் நகரப் பள்ளியொன்றில், பறவைகள் அடைந்த முற்றத்தை மாணவர்கள் கூட்டிச் சுத்தம் செய்தனர். பின்னர் மாணவரும் ஆசிரியருமாக 384 பேர் நோயுற்றனர்.

தொற்று வேறு, நோய் வேறு. தொற்றியவர் பலர்; நோயுறுபவர் சிலர். கைக்குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஆகவே வீண் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எச்சம் படிந்த இடத்தை நீர் தெளித்த பிறகே, அதுவும் பெரியவர்கள் துணையோடு, கூட்டுங்கள்.

மாணவர்களே, ‘இது அரிய நோய்’ என்று யார் சொன்னாலும், “நலமாக இருப்பவர்களையும் சோதித்தீர்களா?” என்று கேளுங்கள். விஞ்ஞான மனப்பான்மை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.