விழப்போகிற பல்தானே என்று விட்டுவிட்டோம்

"பால்பல்லுதான, விழுந்து மொளைக்கப் போகுது, விடு." திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் இதைச் சொல்லாத வீடு குறைவு. ஆசிரியர், கடைக்காரர், அரசு ஊழியர், பத்திரிகையில் எழுதுகிறவர் எல்லாருமே சொல்லியிருக்கிறோம். குழந்தையின் மேல்வரிசைப் பற்கள் கறுத்து, ஈறு வரை கரைந்துபோனதைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். இந்தப் பழியை ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்க முடியாது. நாம் எல்லாரும் சேர்ந்து செய்த அலட்சியம் இது.

பால்பற்கள் மொத்தம் 20. ஆறாம் மாத வாக்கில் கீழ் முன்பற்கள் எட்டிப் பார்க்கும். மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பற்களோ 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சோற்றை மெல்வதும் அவற்றை வைத்துத்தான். முன்கூட்டியே அவை போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சரிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் பல் இடமில்லாமல் கோணலாக வரும். பால்பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறையப் பாதிக் கனம்தான். அதனால் சொத்தை சீக்கிரமே நரம்பைத் தொட்டுவிடும். வலியில் பிள்ளை சாப்பிட மறுத்தபோது அடம் என்றோம். இரவில் வீறிட்டபோது கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். வாயைத் திறந்து பார்க்கவில்லை.

இனிப்பைப் பழக்கியதும் நாம்தான். பிறந்தவுடன் சேனை என்று சீனித்தண்ணீரை நாக்கில் வைத்தோம். பிறகு சீனி போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி, அதை வாயில் வைத்தபடியே தூங்க வைத்தோம். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைகிறது. பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்புகின்றன. சொத்தை எடுத்த எடுப்பில் கறுப்பாக வருவதில்லை. ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தொடங்கும். அந்த நிலையிலேயே அதைத் தடுத்து நிறுத்தலாம். மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைக்கூட நாம் செய்யவில்லை. பால்புட்டி விளம்பரத்தைத் தடைசெய்து 1992இல் சட்டம் வந்த பிறகும், குழந்தை பார்க்கப் போகும்போது புட்டியைத்தான் பரிசாக வாங்கிப் போனோம்.

"பல்லு மொளைக்குது, அதான் வயித்தால போகுது" என்று சொல்லி எத்தனை குழந்தைகளை வாட விட்டிருக்கிறோம்! பல் வரும்போது ஈறு ஊறும், எச்சில் வழியும், குழந்தை சிணுங்கும். பேதியும் கடும் காய்ச்சலும் பல்லால் வருவதில்லை. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பாற்றல் குறையும் வயது அது. கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் வயதும் அதுதான். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரத்தில், பல் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாதே என்று உற்றுப் பார்த்தோம். வந்த பல்லை யார் துலக்கிவிடுவது என்று யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறைத் தண்ணீரில் செய்திருக்கிறோம். நம் சமவெளி கெட்டிப்பாறை பூமி. பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நிலக்கோட்டை ஒன்றியத்து ஊர்களில் ஃபுளோரைடை அளந்த ஆய்வு 2009இலேயே வெளிவந்துவிட்டது. தண்ணீரிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் வழிகளை நம் காந்திகிராமப் பல்கலைக்கழக வேதியியலார் பல ஆண்டுகளாக ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். நாம் படிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

ஒரு வயதுக் குழந்தையின் வாயில் நம் கண்ணுக்குத் தெரிவது பால்பல். அதே நேரத்தில் தாடை எலும்புக்குள் நிரந்தர முன்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. நான்கைந்து வயது வரை அதன் எனாமல் படிகிறது. அந்த ஆண்டுகளில் அளவுக்கு மீறி உள்ளே போகும் ஃபுளோரைடு, ஏழு வயதில் முளைக்கும் பல்லில் வெள்ளைத் திட்டாகவும் பழுப்புக் கறையாகவும் தெரிகிறது. எவ்வளவு துலக்கினாலும் அது போகாது. பள்ளிக்கூடப் புகைப்படத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற பிள்ளைகளை, ஒழுங்காகப் பல் விளக்கு என்று திட்டியவர்கள் நாம்.

நகருக்கு ஆத்தூர் காமராசர் அணையிலிருந்தும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. முறை தள்ளிப்போகும் நாள்களில் போர் தண்ணீர்தான். நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்று நாக்கில் வைத்தே தீர்ப்புச் சொன்னோம். ஃபுளோரைடுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். தாய் குடிக்கும் நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருந்தாலும் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே இறங்குகிறது. அப்படிப்பட்ட பாலை நிறுத்திவிட்டு, போர் தண்ணீரில் பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தோம். தண்ணீர் எப்போது வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டோம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

பிள்ளை வளர்க்கும் பாரத்தையெல்லாம் பெண்கள் மீது ஏற்றினோம். மல்லிகை பறிக்க விடியுமுன் தோட்டத்துக்குப் போகும் தாயும், வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்டு பார்க்கும் தாயும் பிள்ளையை அம்மாச்சியிடம் விட்டுப் போகிறார்கள். அழுகையை அடக்க அந்தக் கிழவி கையில் இருப்பது ரஸ்க்கும் மிட்டாயும்தான். அவர்களைக் குறை சொல்லிவிட்டு, ஒரு நாளும் பிள்ளைக்குப் பல் துலக்கிவிடாத அப்பன்மாரைக் கேள்வி கேட்காமல் விட்டோம். ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்டம் 2013இல் வந்தது. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். பார்க்க வேண்டியவற்றில் பல் நோயும் உண்டு. அந்த நாளில் போய் நின்று, "பல்லையும் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

வருந்துவது உண்மையானால் செயலில் காட்டுவோம். பல் வருமுன்பே ஈறை ஈரத்துணியால் துடைப்போம். முதல் பல் தெரிந்ததும் காலையும் இரவும் மெல்லிய பிரஷ்ஷால் நாமே துலக்கிவிடுவோம்; ஏழெட்டு வயது வரை அது பெரியவர் வேலை. மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். பல்லின்மேல் படும் சிறிதளவு ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கும். விழுங்கும் ஃபுளோரைடு மிகுந்தால்தான் கெடுதல். ஆகவே ஃபுளோரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் எந்தப் பேஸ்ட் என்று பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குவோம். கரி, செங்கல்பொடி வேண்டாம். ஒரு வயதுக்குமுன் தேனும் வேண்டாம். முதல் பிறந்தநாளுக்குள் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவோம்.

தமிழகத்தில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. நம் ஊர்க் குடிநீரின் பரிசோதனை அறிக்கையை அங்கே வாசிக்கச் சொல்வோம். அறிக்கை இல்லையென்றால் எடுக்கும்படி தீர்மானம் போடுவோம். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் இதையே கேட்போம். கேட்கும் கூட்டத்தில் கைக்குழந்தைக்காரிகள் மட்டும் நிற்கக் கூடாது. அவர்களுக்கு முன்னால் ஆண்கள் நிற்க வேண்டும்.