நுரை பொங்கினால் அழுக்குப் போய்விடாது

ஒரு பொருளால் போகாத கறை இரண்டைக் கலந்தால் போகும், இரண்டால் போகாதது நாலைக் கலந்தால் போகும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடிவிட்டது. கைபேசியைத் திறந்தால் போதும். ஒரு கிண்ணத்தில் துணி சோப்புத் தூள், அதன்மேல் சமையல் சோடா, ஒரு ஷாம்பு பாக்கெட், கொஞ்சம் பற்பசை, ஒரு மூடி எலுமிச்சை, கடைசியாக ஒரு ஈனோ. குபுகுபுவென்று நுரை பொங்கி வழியும். அடுத்த காட்சியில் கரி பிடித்த கேஸ் அடுப்பு பளபளவென்று மின்னும். இடையில் யார், எவ்வளவு நேரம் கம்பி நார் போட்டுத் தேய்த்தார் என்பதை மட்டும் காட்டமாட்டார்கள்.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பழக்கத்தால் நல்ல பொருள்கள் பாழாகின்றன; அது சின்ன நஷ்டம். இதே பழக்கம் சமையலறையிலிருந்து கழிப்பறைக்குப் போகும்போது மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பொங்குவதையும் நெடி அடிப்பதையும் பார்த்து, வேலை நடக்கிறது என்று நம்பிவிடுவது.

முதலில் சமையல் சோடாவையும் வினிகரையும் எடுத்துக்கொள்வோம். சோடா காரம், வினிகர் அமிலம். தனித்தனியே இரண்டும் கெட்டிக்காரப் பொருள்கள். குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளை உப்புக்கறை, போர் தண்ணீரிலுள்ள கால்சியத்தாலும் மக்னீசியத்தாலும் வருவது. அதைக் கரைக்க அமிலம் வேண்டும். அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம் வேண்டும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றினால், கறையிடம் போய்ச் சேரும் முன்பே அவை ஒன்றையொன்று முடித்துவிடுகின்றன. கடையில் வாங்கும் வினிகரில் அசெட்டிக் அமிலம் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம். அப்படிப்பட்ட வினிகர் 100 மில்லியைச் செயலிழக்க வைக்க 7 கிராம் சமையல் சோடா போதும். குவித்து எடுத்தால் ஒரு தேக்கரண்டி. அதிலிருந்து சுமார் 2 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. நாம் பார்த்து வியக்கும் பொங்கல் அதுதான். அது காற்றோடு போனபின் கிண்ணத்தில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். அது உப்புக்கறையைக் கரைக்காது, எண்ணெயையும் எடுக்காது. ஈனோவின் கதை இன்னும் மோசம். அந்தச் சின்ன பாக்கெட்டுக்குள்ளேயே சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் வயிற்றுக்குள் நடக்கவேண்டியது அடுப்பு மேடையில் நடந்து முடிந்துவிடுகிறது.

‘எங்கள் வீட்டு சிங்க் அடைப்பு இதில்தானே போனது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்த வீடியோக்களில் கடைசியாகச் சொல்வதைக் கவனியுங்கள்: பிறகு ஒரு பாத்திரம் வெந்நீரை ஊற்றவேண்டும். குழாய்க்குள் உறைந்திருந்த எண்ணெயை இளக்கியது அந்த வெந்நீர். குமிழிகள் தளர்ந்து கிடந்த துணுக்குகளைக் கொஞ்சம் அசைத்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் சோறும் டீத்தூளும் தலைமுடியும் சேர்ந்து இறுகிய அடைப்பை நுரை நகர்த்தாது. ரப்பர் பம்பை வைத்து அழுத்தவேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சிங்கின் அடியில் வளைந்திருக்கும் குழாயைக் கழற்றி, கீழே ஒரு வாளியை வைத்துக் கொட்டவேண்டும். (பிவிசி குழாயானால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், நல்ல சூடு போதும்.)

சோப்புக் கரைசலில் எலுமிச்சை பிழிவதும் இப்படித்தான். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துச் செய்தது. அதில் புளிப்பு விழுந்தால் சேர்ந்தது பிரிந்து, பழையபடி கொழுப்பு அமிலமாகத் திரிகிறது. கரைசல் வெளுத்து, மேலே பிசுபிசுப்பாக ஆடை கட்டும். எடுக்கவேண்டிய பிசுக்கோடு இன்னொரு பிசுக்கைச் சேர்த்ததுதான் மிச்சம்.

எது எதற்கு, எது முதலில், எது பிறகு என்ற வரிசையை நம் அம்மாக்களும் பாட்டிகளும் ரசாயனம் படிக்காமலே கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குக் குத்துவிளக்கு துலக்குவதைக் கிட்டே இருந்து பார்த்தால் தெரியும். முதலில் பழந்துணியால் விளக்கின் குழியிலிருக்கும் எண்ணெயையும் திரிக் கரியையும் வழித்தெடுப்பார்கள். சாம்பலைப் போட்டு, தேங்காய் நாரால் பிசுக்கை எடுத்துக் கழுவுவார்கள். பிறகுதான் புளி. ஊறிய புளியைச் சக்கையோடு எடுத்து, கல்லுப்பைச் சேர்த்துத் தேய்க்கும்போது, புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளைமேல் படிந்த களிம்பைக் கரைக்கும். உப்பு அதற்குத் துணை நிற்கும். கறுப்பு வழிந்து மஞ்சள் எட்டிப் பார்த்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஈரம் போகத் துடைப்பார்கள். கடைசியில் காய்ந்த திருநீற்றைத் தொட்டு மெருகு ஏற்றுவார்கள். எண்ணெய்க்குக் காரம், களிம்புக்குப் புளிப்பு, நடுவில் தண்ணீர். புளியும் உப்பும் ஒரே பக்கம் இழுப்பவை, அதனால் அவை சேரலாம். சாம்பலும் புளியும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பவை, அவற்றுக்கு நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும். இன்றைய வீடியோக்கள் தொலைத்தது அந்தச் சொம்புத் தண்ணீரை.

இயற்கைப் பொருள்தானே, எதில் ஊற்றினால் என்ன என்பதும் சரியல்ல. பளிங்குத் தரை, மொசைக்கில் பதித்த பளிங்குச் சில்லு, ஆத்தங்குடிக் கல்லின் சிமெண்ட் எல்லாவற்றிலும் இருப்பது கால்சியம். உப்புக்கறையைத் தின்னும் எலுமிச்சை இவற்றையும் தின்னும். மெருகு போன தரைக்கு மெருகு தானாகத் திரும்பி வராது.

இதுவரை சொன்னதெல்லாம் காசும் உழைப்பும் வீணாகும் விஷயம். இனிமேல் சொல்லப்போவது அப்படியல்ல.

தெருவில் வண்டி வரும். ‘பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர்’ என்று ஒலிபெருக்கி கூவும். மூன்றும் ஒரே வண்டியில் அடுக்கியிருக்கும். வாங்கும் வீட்டிலும் மூன்றும் கழிப்பறையின் ஒரே மூலையில் போய் உட்காரும். ஆசிட் பழைய தண்ணீர் பாட்டிலில் இருக்கும், மேலே பெயர்கூட இருக்காது. மஞ்சள் கறை ஆசிட்டில் போகவில்லை என்றால், அதே ஈரத்தின்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள். கண் எரிந்தால், மூக்கைத் துளைத்தால், மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள்.

பிளீச்சிங் பவுடர் என்பது என்ன? ஸ்காட்லாந்துக்காரரான சார்ல்ஸ் டென்னன்ட் 1799-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். துணி வெளுக்க குளோரின் வாயு தேவைப்பட்டது. வாயுவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகமுடியாது. அதனால் அதைச் சுண்ணாம்புக்குள் பூட்டித் தூளாக்கினார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி அமிலம். கழிப்பறைக்கு விற்கும் ஆசிட்டும், சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்ட நீலத் திரவமும் அந்த வேலையை உடனே செய்துவிடும். கறை அப்படியே இருக்கும், குளோரின் மட்டும் வெளியே வரும்.

எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 அடிக்கு 7 அடி, 8 அடி உயரமுள்ள கழிப்பறையில் இருக்கும் காற்று சுமார் 8 கனமீட்டர். காற்றின் பத்து லட்சம் பங்கில் குளோரின் 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று, தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் வரையறுத்திருக்கிறது. நம் கழிப்பறையில் அந்த அளவை எட்டக் கால் கிராம் குளோரின் போதும். புதிய பிளீச்சிங் பவுடரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரினாக வெளிவரக்கூடியது. ஒரு தேக்கரண்டித் தூள் முழுக்க அமிலத்தில் பட்டால் அந்த ஆபத்து அளவைப்போல் ஆறேழு மடங்கு கிளம்பும். ஒரு தேக்கரண்டிதான். நம் வீடுகளில் கையால் அள்ளித் தூவுகிறோம்.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தேங்கும். நம் ஊர்க் கழிப்பறையை எப்படிக் கழுவுகிறோம்? குந்தி உட்கார்ந்து, பீங்கானுக்குமேல் குனிந்து. வாயு எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே மூக்கு இருக்கிறது. அப்போதைக்கு இருமலோடு தப்பித்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆசிட் இல்லாவிட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. நாள்பட்ட சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால், அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற இன்னொரு எரிச்சல் வாயு வரும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும் என்பது அதனால்தான்.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பர்லிங்டன் என்ற ஊரின் உணவகம் ஒன்றில், சமையலறைத் தரையில் அமிலம் கலந்த துப்புரவுத் திரவம் சிந்தியிருந்தது. அது தெரியாமல் இன்னொரு ஊழியர் தரை கழுவ ஹைப்போகுளோரைட் திரவத்தை ஊற்றினார். தரை பச்சையாகி, குமிழி விட்டது. அதை வழித்து வெளியே தள்ள முயன்ற மேலாளர் இறந்துபோனார். மேலும் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆசிட்தானே ஆபத்து, நாங்கள் வினிகர்தான் ஊற்றுகிறோம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கொரோனா பரவிய 2020-இல், ஜனவரி முதல் மார்ச் வரை, துப்புரவுப் பொருள்களால் பாதிக்கப்பட்டு அமெரிக்க நச்சு உதவி மையங்களைக் கூப்பிட்டவர்கள் முந்தைய ஆண்டைவிட 20.4 சதவீதம் அதிகம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடையில் வாங்கிவந்த காய்கறியைக் கழுவ, சிங்கில் பிளீச், வினிகர், வெந்நீர் மூன்றையும் கலந்து ஊறவைத்திருக்கிறார். நெடி கிளம்பி, மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் கொண்டுபோகவேண்டியதாயிற்று. அந்தப் பூட்டை வினிகரும் திறக்கும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் பல வீடுகளில் அதை நம்பியவர் அல்ல. காலையில் வீட்டுக்காரம்மா பிளீச்சிங் பவுடரைத் தூவி, ஊறட்டும் என்று விட்டிருப்பார். பத்து மணிக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கு அது தெரியாது. எப்போதும்போல் நீலத் திரவத்தை ஊற்றுவார். நெடி ஹாலுக்கு வருகிறது என்று வெளியிலிருந்து கதவைச் சாத்துவார்கள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டால், ‘ஆசிட்னா அப்படித்தான், பழகிடும்’ என்று பதில் வரும். எதுவும் பழகாது. ஒரு நாளைக்கு நாலு வீட்டில் இதே காற்றைச் சுவாசிப்பவருக்கு நெஞ்சு இழுப்பு வந்தால், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்கு வேறு காரணம் சொல்லிவிடுகிறோம். ஆசிட் விற்பனைக்குப் பதிவேடும், வாங்குபவரின் அடையாளச் சான்றும் வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆசிட் வீச்சைத் தடுக்க வந்த உத்தரவு அது. தெருவில் பெயரில்லாத பாட்டிலில் விற்பது இன்னும் நிற்கவில்லை. கம்பெனிச் சரக்கிலோ, எதோடும் கலக்காதே என்ற எச்சரிக்கை பெரும்பாலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. கழிப்பறைக்குள் வேலை செய்பவர் படிக்கத்தக்க தமிழில், பாட்டிலின் முன்பக்கத்தில் அதை அச்சிட என்ன தடை?

மலிவான பொருள்கள்மேல் எனக்குக் குறை இல்லை. ஒவ்வொன்றும் தனியாக, கொஞ்சம் நேரம் கொடுத்தால், விலை கூடிய புட்டிகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். உப்பு பிடித்த குழாயில் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஷவரின் துளை அடைத்திருந்தால், எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர்மேல் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரில் சலவை சோடா. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வேண்டுமென்றால் தண்ணீரில் மட்டும், ஆசிட் போடாத நாளில், ஜன்னலைத் திறந்துவைத்து. தவறிக் கலந்துவிட்டால் சுத்தம் செய்ய நிற்காதீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், நெடி அடங்கும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். இருமல் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய், எதையெதைக் கலந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிளீச்சிங் பவுடர் டப்பாவைக் கழிப்பறை மூலையிலிருந்து இன்றைக்கே எடுத்து, வேறு அலமாரியில், மூடியை இறுக்கி வையுங்கள். பெயரில்லாத பாட்டிலின்மேல் பெயரை எழுதுங்கள், தமிழில், பெரிதாக. வேலைக்கு வருபவர் கழிப்பறைக் கதவைத் திறக்கும் முன், காலையில் உள்ளே எதை ஊற்றினீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.