ஐந்து நாள் தார், ஒரு நாள் மண்

பெயரில்தான் மலை இருக்கிறது. நம் நகரங்களில் விற்கும் மலை சைக்கிள்களில் பெரும்பாலானவை தார்ச்சாலையைத் தாண்டுவதில்லை. புனேயில் சாஃப்ட்வேர் ஊழியர் ஒருவர் வாங்கும் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களில் ஹிஞ்சவாடி நெரிசலில் ஊரும். ஞாயிறு காலை ஊர் எல்லைக் குன்றின் மண்பாதையில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கும். கடையில் நிற்கும்போதோ அந்த ஒரு மணி நேரம் மட்டுமே மனதில் ஓடுகிறது. ஆறே மாதத்தில் சைக்கிள் பால்கனியில் துணி காயவைக்கப் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வண்டி பிறந்ததே இறங்குவதற்காக. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலையின் மண்சாலைகளில் பாய்ந்து இறங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போகும். மறுபடி அடைக்க வேண்டும். 1976இல் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது அதனால்தான். மலை உச்சிக்குப் போக அவர்களுக்குப் பெரும்பாலும் டிரக் இருந்தது. ஆபீஸ் போகிறவருக்கு இருப்பது இரண்டு கால்கள்.

எனவே முதலில் தவிர்க்க வேண்டியது, மலிவு விலையில் வரும் 'டபுள் சஸ்பென்ஷன்'. பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கி, காலின் சக்தியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எடையும் அதிகம், வழக்கமான கேரியரும் பொருந்தாது. முன்னால் மட்டும் ஸ்பிரிங் உள்ள ஃபோர்க் போதும். அதைச் சாலையில் அசையாமல் பூட்டும் 'லாக் அவுட்' வசதி இருந்தால் நல்லது.

ஸ்பிரிங்கைவிட முக்கியம் டயர். புதிய சைக்கிளோடு வரும் முரட்டு முடிச்சு டயர் தார்ச்சாலையில் ரீங்காரமிடும், வேகத்தைக் குறைக்கும். நடுவில் வழவழப்பும் ஓரங்களில் முடிச்சும் உள்ள, 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள டயரை மாட்டினால் இரண்டு பாதைக்கும் ஒத்துவரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாமல் வேலை நாளில் காற்றைக் கூட்டி, ஞாயிறன்று கொஞ்சம் இறக்கினால் பாதி வேலை முடிந்தது.

'21 கியர்' என்ற ஸ்டிக்கரில் மயங்க வேண்டாம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரங்களைப் பெருக்கி வந்த கணக்கு அது. அவற்றில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம். முன்னால் ஒன்று, பின்னால் எட்டோ ஒன்பதோ இருந்தாலும் நகரத்துக்கும் சிறு ஏற்றத்துக்கும் போதும்.

பிரேக்கில் மழைதான் நடுவர். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் நனைந்ததும் தடுமாறும். டிஸ்க் பிரேக் அவ்வளவாகத் தடுமாறாது. எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பலமானது; ஆனால் கேபிள் டிஸ்க்கைத் தெருமுனை மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார்.

அளவில் சமரசம் கூடாது. குறுக்குக் கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால், கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். 'சீட்டை இறக்கிக்கொள்ளலாம் சார்' என்று கடைக்காரர் சொல்வது பதிலாகாது: சீட் இறங்கும், பிரேம் சுருங்காது. தவறான அளவின் விலையை முழங்காலும் முதுகும் தவணை முறையில் கட்டும். பிரேமில் கேரியரும் மட்கார்டும் பொருத்தத் திருகு துளைகள் உண்டா என்றும் பார்த்துவிட வேண்டும். மழைநாளில் முதுகில் சேற்றுக்கோடு போட்டுக்கொண்டு ஆபீசில் நுழைகிறவர் மறுநாள் பஸ்ஸில்தான் வருவார்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 20,000 ரூபாய் என்றால் மிச்சம் 1,400. அதைக் கொண்டு இன்னும் பளபளப்பான மாடலுக்குத் தாவாமல் ஹெல்மெட்டும் முன் பின் விளக்குகளும் வாங்குவதே புத்திசாலித்தனம். ஞாயிற்றுக்கிழமைக் குன்றைவிட ஆபத்தானது திங்கட்கிழமைச் சாலை.