ஊர் வலம்: நெல்லிக்கனி தந்த தகடூர்

"தர்மபுரியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று புறப்படும்போது வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயில் ஏறி, தர்மபுரியில் ஒரு காபி குடித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். நானும் அப்படிப் பல முறை போனவள்தான். இந்தத் தடவை இரண்டு நாள் தங்கிப் பார்த்தேன்.

நேயர்களே, பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த அதியமான் கதை நினைவிருக்கிறதல்லவா? உண்டவருக்கு நீண்ட ஆயுளைத் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்த வள்ளல்! அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். தொண்டைமானிடம் போர் வேண்டாம் என்று பேச ஔவையாரைத்தான் தூது அனுப்பினான். ஓர் அரசன் ஒரு பெண்ணின் அறிவை நம்பி அரசாங்கத் தூதை ஒப்படைத்தது, இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால்! பின்னாளில் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை வென்றான்.

இதெல்லாம் வெறும் கதையோ என்று நினைக்க வேண்டாம். திருக்கோவிலூருக்குப் பக்கத்திலுள்ள ஜம்பையில், நெடுமான் அஞ்சி என்ற அவன் பெயரே பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-ல் அகப்பட்டது.

ஊருக்குள் கோட்டைக் கோயில் என்று ஒன்று இருக்கிறது. மல்லிகார்ஜுனர் சந்நிதி மண்டபத்தில் ஒரு தூண், அடிப்பாகம் தரையைத் தொடாமல் நிற்கிறது. தூணுக்கும் தரைக்கும் இடையே துணியை நுழைத்து இழுத்துப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. நானும் முந்தானையைக் கொடுத்துப் பார்த்தேன்! காமாட்சி அம்மன் சந்நிதியின் அடிப்பகுதியைச் சுற்றி ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் கதை சொல்லிக்கொண்டே ஒரு சுற்று வரலாம்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் சீமை கும்பெனியார் கைக்கு வந்தது. அப்போது உதவிக் கலெக்டராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இங்கேதான் இருந்தார். பிறகு சென்னைக்கே கவர்னரான அந்த மன்றோதான். குடியானவரிடம் அரசாங்கம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அஸ்திவாரம் விழுந்தது இந்தப் பகுதியில்தான். தர்மபுரி தனி ஜில்லாவானது 1965 அக்டோபர் 2-ந் தேதி. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்து போயிற்று.

மேட்டு நிலம், பாறை பூமி. மழையை நம்பிய கேழ்வரகும் சாமையும் இந்த மண்ணின் பழைய பயிர்கள். களியும் கீரைக் குழம்பும் இங்கே விருந்தாளிக்கும் உண்டு. புளியும் பட்டுக்கூடும் சந்தைக்கு வருகின்றன. கடைத்தெருவில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சரளமாகக் கேட்கிறது.

மறுநாள் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு பாட்டியும் ஏழெட்டு வயதுப் பேத்தியும். குழந்தை எதற்கோ கலகலவென்று சிரித்தாள். பாட்டியும் சிரித்தாள், ஆனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு! நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"பல்லு காவியா இருக்கும்மா. எங்க ஊரு கெணத்துத் தண்ணி அப்படி. பொண்ணு பாக்க வந்தவங்க மொதல்ல பல்லைத்தான் பாத்தாங்க."

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். இந்தப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்ற உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பல் முளைக்கும் வயதில் குடித்த குழந்தைக்குப் பல்லில் நிரந்தரமாகக் கறை படியும். பல வருஷம் குடித்தால் மூட்டு இறுகும்; முதுகு வளையும். நீரோ பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்!

காவிரி சுமார் 46 கிலோ மீட்டர் தூரத்தில் புகையாய் எழும்பி விழுகிறது. ஆனால் நதி பள்ளத்தில், ஊர் மேட்டில். அந்த நீரை மேலேற்றிக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது, வேலை இழுத்தது. கடைசியில் 2013 மே மாதம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கும் மேல். அதற்குக் கைகொடுத்தது ஜப்பான் தேசத்தின் கடனுதவி. கடல் கடந்த நாட்டுப் பணம் ஒரு பாட்டியின் பேத்தி வாய்விட்டுச் சிரிக்க உதவியிருக்கிறது!

அதற்காகக் கஷ்டம் அடியோடு தீர்ந்ததென்று எண்ணிவிட வேண்டாம். குழாயில் காவிரி வராத நாளில் ஆழ்குழாய்க் கிணற்றைத் தேடிப் போவதைத் தவிர வழி என்ன? ஆகவே சகோதரிகளே, இத்தகைய பாறைப் பிரதேசத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது ஆற்று நீரையோ மழை நீரையோ வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் 'சி'யும் உள்ள ஆகாரம் நல்லது என்கிறார்கள் வைத்தியர்கள். முன்னதற்குக் கேழ்வரகு இருக்கிறது. பின்னதற்கு என்ன தெரியுமா? அதியமான் கொடுத்த அதே நெல்லிக்கனி!

ஒகேனக்கல்லில் இறங்கியதும் பாட்டி பரிசல் துறைப் பக்கம் நடந்தாள். பேத்தி திரும்பிப் பார்த்து எனக்குக் கையை ஆட்டினாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.